விசிறியில் சுழலும் தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

லேபில் தண்ணீரைச் சுழற்றிக் கலக்க இருந்த ஒரே மேக்னடிக் ஸ்டிரர் இன்று என் கையில் எரிந்தது. ஸ்விட்சைப் போட்டேன். முனகியது. பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை. நான் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் லேப் அசிஸ்டெண்ட் மணவாளன், “அது போன வருசமே போயிருக்க வேண்டியது. உனக்காகத்தான் உசுரப் புடிச்சிட்டு இருந்துச்சு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் துப்பட்டாவை வாயருகே பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. ஏப்ரல் நடுவில் புராஜெக்ட் கொடுக்க வேண்டும். குடிநீரில் ஃபுளூரைடு எவ்வளவு என்பதுதான் என் தலைப்பு. ஊர் ஊராகப் போர்வெல் தண்ணீரையும், வடிகட்டி நிலையத்திலிருந்து வரும் தண்ணீரையும் எடுத்து, முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று அட்டவணை போட வேண்டும். தண்ணீர் ஒரே சீராகச் சுழன்றுகொண்டிருந்தால்தான் அதில் இறக்கும் மீட்டரின் எலெக்ட்ரோடு சரியான எண்ணைக் காட்டும். கையால் கலக்கினால் எண் குதிக்கிறது.

ஞானசேகரன் சாரிடம் போய் நின்றேன். அவர்தான் என் கைடு.

“புதுசுக்கு எழுதிப் போடலாம். அது வர்றதுக்குள்ள நீ பி.எச்டி.யே முடிச்சிடுவ, மாதேஸ்வரி” என்றார்.

மார்ச் 5, வியாழன்

என்னோடு படிக்கும் ரெஹானாவின் அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றில் காந்தம் ஒட்டி, அதன்மேல் பீக்கரை வைத்தால் அதுதான் ஸ்டிரர் என்று அவள் எங்கோ வீடியோ பார்த்திருக்கிறாள். எனக்கும் புரிந்தது. ஃபேன் சுற்றினால் காந்தம் சுற்றும். காந்தம் சுற்றினால் பீக்கருக்குள் கிடக்கும் காந்தக் குச்சியும் கூடவே சுற்றும்.

கடையில் ஒரு ஃபேன், உடைந்த ஹார்டு டிஸ்க், அடாப்டர், வேகத்தைக் குறைக்கும் சின்ன போர்டு எல்லாம் கொடுத்தார். ஹார்டு டிஸ்கிலிருந்து இரண்டு காந்தங்களைப் பிரிக்கும்போது அவை பட்டென்று ஒட்டி, என் விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. ரத்தம் கட்டிவிட்டது.

“அழவும் மாட்டேங்கற, சிரிக்கவும் மாட்டேங்கற. வாயத் தொறடீ” என்றாள் ரெஹானா.

மார்ச் 8, ஞாயிறு

ஊருக்குப் போனேன். அப்பா நிலையத்தில் இருந்தார். இரண்டு வருடமாக வடிகட்டி நிலையத்தை ஓட்டுவது அவர்தான். அதற்கு முன் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இப்போது பச்சையப்பண்ணா, பச்சையப்பண்ணா என்று தெருவே கூப்பிடுகிறது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வால்வைத் திறக்கும்போது நிமிர்ந்து நிற்கிறார். எங்கள் தெரு கோகிலாக்காவின் பையன் எப்போதும் அவர் தோளில்தான். ‘மோட்டார் தாத்தா’ என்பான்.

புராஜெக்டில் நம் ஊரும் இருக்கிறது என்றேன். “நம்ம ஊருல என்னாம்மா பாக்கறதுக்கு இருக்குது? வேற ஊரு பாரு” என்றார். பெருமையை வெளியே காட்ட மாட்டார்.

அவர் பூட்டிவிட்டுப் போய்விட்டதால் கூடப் பிறந்த தெய்வானை அக்கா வீட்டுக் கேனிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது எங்கள் எதிர்வீட்டில்தான். அவள் குழந்தைக்குத் தண்ணீர் அப்பாவே கொண்டுவந்து வைத்துவிடுவாராம். அதை மட்டும் அடுப்படிக்குள், அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். போர்வெல் தண்ணீரும் ஒரு பாட்டில்.

அக்கா மகள் தன்ஷிகாவுக்கு இப்போது முழுப்பல் வந்துவிட்டது. அரிசி மாதிரி வெள்ளை. கையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பட்டையை வளையலாக மாட்டிக்கொண்டு கழற்றவே விடவில்லை. “தாத்தா வளையல்” என்கிறாள்.

அம்மாவுக்கு முட்டி மடங்கவில்லை. அடுப்பை மேடைமேல் தூக்கி வைத்துவிட்டார்கள்.

மார்ச் 9, திங்கள்

ஃபேனின் நடுக்குமிழில் எதிரெதிராக இரண்டு காந்தங்களை ஒட்டினேன். ஸ்வீட் கடைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஃபேனைப் பொருத்தி, மூடிமேல் பீக்கரை வைத்து ஸ்விட்சைப் போட்டேன். குச்சி நடுங்கியது, சுற்றவில்லை. இரண்டு காந்தத்திலும் ஒரே துருவம் மேலே பார்த்திருக்கிறது. ஒன்று வடக்கும் மற்றது தெற்குமாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பாடம்! பிளேடால் சுரண்டி எடுத்துத் திருப்பி ஒட்டினேன்.

மணவாளன் வந்து பார்த்து, “இதுக்கு ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 11, புதன்

சுற்றியது!

வேகத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். எடுத்ததும் வேகம் வைத்தால் குச்சி பிடி விட்டுத் தெறிக்கிறது. நிதானமாகக் கூட்டினால் தண்ணீரின் நடுவில் சின்னக் குழி விழுகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது.

அளவு தெரிந்த கரைசல்களை வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. பிறகு எங்கள் ஊர்ப் போர்வெல்: 3.7. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கடைசியாக அக்கா வீட்டுக் கேன்: 0.2.

0.2! லேப் என்பதையும் மறந்து ரெஹானாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. “எந்தத் தண்ணி?” என்றார். அக்கா வீட்டுத் தண்ணி என்றேன். “சரி, சரி. சாப்டியா?” என்று வைத்துவிட்டார். மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்காது.

மார்ச் 13, வெள்ளி

சார் அட்டவணையைப் பார்த்தார். “வீட்டுக் கேன்ல எடுத்தது சாம்பிள் ஆகாது. நிலையத்துக் குழாயில, நீயே, கொஞ்ச நேரம் தண்ணிய ஓட விட்டுப் புடிக்கணும். ஆனா இந்த நம்பர் ரொம்ப நல்லா இருக்கே. யாரு ஓட்டறாங்க அந்த நிலையத்த?”

எங்க அப்பா சார் என்றேன்.

“பாராட்டணும்” என்றார். அதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

அப்பா சாப்பிட வீட்டுக்கு வந்த நேரத்தில் நிலையத்துக்குப் போனேன். வெளிக் குழாயில் ஓட விட்டுப் பிடித்தேன். என் சாம்பிள் வரிசையில் பதினான்காம் பாட்டில். அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. சாப்பிடும்போது எதற்குத் தொந்தரவு.

மார்ச் 16, திங்கள்

பதினான்காம் பாட்டில்: 3.6.

ஒட்டு சரியில்லை. ஒரு காந்தம் மையத்திலிருந்து விலகியிருக்கிறது. டப்பா கடகடவென்று ஆடுகிறது. இப்படி ஆடினால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

மார்ச் 17, செவ்வாய்

காந்தங்களைப் பிய்த்து, நூலால் அளந்து, மையம் பார்த்து மறுபடி ஒட்டினேன். ஃபேனின் நான்கு மூலையிலும் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி வைத்தேன். இப்போது ஆட்டம் இல்லை, சத்தமும் இல்லை.

3.6.

மார்ச் 18, புதன்

ஃபேனின் சூடு பீக்கருக்கு ஏறியிருக்கலாம். சூடு ஏறினால் எலெக்ட்ரோடு தப்புக் காட்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. மூடிமேல் தெர்மாகோல் வைத்தேன். எலெக்ட்ரோடின் அடியில் காற்றுக்குமிழ் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சாய்த்துப் பார்த்தேன். அளப்பதற்கு முன் சேர்க்கும் பஃபர் கரைசலைப் புதிதாகக் கலந்தேன்.

நடுவில் அக்கா வீட்டுத் தண்ணீரையும் வைத்தேன். 0.2. அதில் மட்டும் ஏன் சூடு ஏறவில்லை, குமிழ் ஒட்டவில்லை என்று ரெஹானா கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒனக்கென்ன தெரியும்?” என்றேன். அவள் இதுவரை என்னிடம் இப்படிக் கேட்டதில்லை; நானும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை.

மார்ச் 19, வியாழன்

3.6.

மார்ச் 20, வெள்ளி

ரெஹானா என்னிடம் சொல்லாமல் பதினான்காம் பாட்டிலைப் பக்கத்து டிபார்ட்மெண்டுக்கு எடுத்துப்போய், அவர்களுடைய ஸ்டிரரில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு துண்டுச் சீட்டை என் முன்னால் வைத்தாள். படிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே போதும்.

“ஒன் மிஷின் நல்லாத்தான்டீ இருக்குது” என்றாள்.

அந்த நிலையத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தொட்டிக்குள் வெள்ளைக் குருணை இருக்கிறது. போர்வெல் தண்ணீர் அதன் வழியாக இறங்கும்போது ஃபுளூரைடு குருணையில் ஒட்டிக்கொள்ளும். குருணை நிறைந்துவிட்டால் ஒட்டாது. கம்பெனிக்காரர்கள் வந்து கழுவ வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் தண்ணீர் அதே நிறத்தில்தான் வரும், அதே ருசியில்தான் இருக்கும். பார்த்தோ குடித்தோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அப்பாவாலும் முடியாது. அவர் ஏழாவது வரைதான் படித்தவர். அவருக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 22, ஞாயிறு

தன்ஷிகாவின் வளையல் அறுந்துவிட்டது. அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். “இதுக்கு ஏன்டி அழுவற, தாத்தா வேற குடுப்பாரு” என்றாள் அக்கா. கையில் வாங்கிப் பார்த்தேன். கடையில் விற்கும் தண்ணீர்க் கேனைத் திறக்கும்போது மூடியைச் சுற்றிக் கிழித்தெடுக்கிற பட்டை.

நிலையத்துத் தண்ணீருக்கு மூடியே கிடையாது. எல்லோரும் குடத்தில்தான் பிடிக்கிறார்கள்.

அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கேன்மேல் ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ ஊறவைத்துச் சுரண்டியிருக்கிறார்கள். பசை மட்டும் அழுக்குப் பிடித்து இருந்தது.

“இது எங்க இருந்துக்கா வருது?”

“நெலயத்துல இருந்துதான். பாப்பாவுக்குன்னு அப்பா ரெண்டாந்தடவ வடிகட்டிக் கொண்டாராரு. வெளிய சொல்லாத, அப்பறம் கோகிலா வந்து எம்புள்ளைக்கும் குடுன்னு நிப்பா.”

அக்காவுக்குத் தெரியாது. அதையாவது நிச்சயமாக எழுத முடிகிறது.

மார்ச் 23, திங்கள்

காய்ச்சல் என்று சொல்லி லேபுக்குப் போகவில்லை.

மார்ச் 25, புதன்

சாரிடம் எண்ணைக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தார். அட்டவணையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“உங்க ஊர அட்டவணையில இருந்து எடுத்துடலாம். மத்த ஊரு போதும். உன் மார்க்குக்கு ஒண்ணும் ஆகாது.” பிறகு சொன்னார், “முடிவு உன்னோடது. போட்டா, இது பஞ்சாயத்துக்குப் போகும், மேலயும் போகும்.”

போனால் அப்பாவுக்கு வேலை போகும். வேலை போவதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். பச்சையப்பண்ணா என்று கூப்பிட்ட வாயெல்லாம் என்ன சொல்லும்? போகாவிட்டால் கோகிலாக்காவின் பையன் அதே தண்ணீரைக் குடிப்பான். அவனுக்கு முன்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயது.

என் பல்லைப் பற்றி நான் இதில் எழுதியதே இல்லை. பழுப்புக் கோடுகள். நடுவில் சுண்ணாம்பு மாதிரித் திட்டு. போர்வெல் போட்ட வருடம் பிறந்தவள் நான். எங்கள் ஊர்க் கல்யாண போட்டோக்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் முதற்கொண்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். வெளியூர் போட்டோகிராபர் சிரிங்க சிரிங்க என்று கத்துவார். போன வருடம் என்னைப் பார்க்க வந்தவர்கள் “பொண்ணு பேசவே மாட்டேங்குது” என்று சொல்லி அனுப்பினார்கள். காரணம் அதுவல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

சாரிடம் இருக்கிற, வெளியே எடுத்துப்போகக்கூடிய மீட்டரை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மதியம் நிலையத்தில் அப்பா மட்டும் இருந்தார். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்து மேசையில் டப்பாவை வைத்து அடாப்டரைச் சொருகினேன். தெர்மாகோல், பீக்கர், மீட்டர். அவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதான் நீ செஞ்சதா?”

“ம்.”

“ஃபேனு டப்பாக்குள்ள இக்குதா? நல்லா இக்குதே” என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“குழாயில நீங்களே புடிச்சு ஊத்துங்கப்பா.”

ஊற்றினார். பஃபர் கலந்து, குச்சியைப் போட்டு, மெல்ல வேகம் கூட்டினேன். குழி விழுந்தது. எலெக்ட்ரோடை இறக்கினேன். எண் ஏறி ஏறி நின்றது. 3.6.

“ஒன்றரைக்கு மேல இருக்கக் கூடாதுப்பா.”

“டேப்பு ஒட்டிக் கட்டுன டப்பா இது. இத நம்பறியா?” குரல் உயர்ந்தது. “ஊருக்கு ரெண்டு வருசமா நாந்தான் தண்ணி உடறேன். எனக்குத் தெரியாதா?”

நான் பையிலிருந்து இரண்டாவது பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “சரி, டப்பா தப்பு. அப்ப இதையும் ஊத்துங்க. இது தன்ஷிகா கேன்ல புடிச்சது.”

அவர் மூடியைத் திருகினார். பாதியில் நிறுத்தினார்.  ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

“இத வைக்க வேணாம்” என்றார்.

மேசை விளிம்பில் உட்கார்ந்தார். தீபாவளி முடிந்து கம்பெனி ஆள் வந்தானாம். பார்த்துவிட்டு, குருணை செத்துப்போச்சு, மாத்தணும், வர்ற வரைக்கும் ஓட்டிட்டிருங்க, நிறுத்தினா ஊரு கேக்கும் என்றானாம். அதன்பிறகு போன் எடுக்கவில்லை. “இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னே இருந்தேன் பாப்பா. ஒரு வாரம் சொல்லல. அப்பறம் எப்பிடிச் சொல்றது? அதுக்கு முன்னாடி குடிச்சதுக்கு என்னான்னு சொல்றது?”

“தன்ஷிகாவுக்கு மட்டும்…”

“அது வாயப் பாத்தேன். பல்லு மொளைக்குது.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “ஒன் வாயையும் பாத்துட்டுத்தான இருக்கறேன், இத்தன வருசமா.”

தண்ணீர் விடும் நேரம் வந்தது. குடங்களின் சத்தம் வெளியே கேட்டது. அப்பா எழுந்து போய் வால்வைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னாண்ணா, தொட்டி காலியா? இல்ல மகராசன் தூங்கிட்டீங்களா?” கோகிலாக்கா. பையன் அவள் முந்தானையைப் பிடித்திருந்தான். அப்பாவைக் கண்டதும் கையைத் தூக்கினான், தோளுக்காக.

அப்பா வாயைத் திறந்தார்.  என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் படியில் வந்து நின்றேன். துப்பட்டாவைக் கையில் எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். “இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. தீபாவளியில இருந்து வடிகட்டறதில்ல. போர்வெல்லுல வர்ற அதே தண்ணிதான் குழாயிலயும் வருது.” யாரும் அசையவில்லை. நம்பவில்லை என்று தெரிந்தது. அப்போது என் பல்லைக் காட்டினேன். ஊர் முன்னால், உதட்டை விரலால் தூக்கி. “இந்தத் தண்ணி.”

கோகிலாக்கா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். “அப்ப உங்க வூட்டுப் பாப்பா என்னா குடிக்குது?”

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் அப்பாவே சொன்னார். “அதுக்குக் கடையில கேன் வாங்கிக் குடுத்தேன்.”

“எம்புள்ளயத் தோள்ல தூக்கி வச்சிக்கினு இருந்தியேண்ணா” என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பையனின் கையைத் தாழ்த்தி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். வேறு சிலர் கத்தினார்கள். ஒருவர் அப்பாவின் சட்டையைப் பிடித்தார். அப்பா தடுக்கவில்லை. சட்டைப் பையின் மேல் பட்டன் தெறித்து என் காலடியில் விழுந்தது. எடுத்துவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 1, புதன்

நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். லாரியில் தண்ணீர் வருகிறது, வராமலும் இருக்கிறது. அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். அக்கா என்னுடன் பேசவில்லை. அம்மா மட்டும் போனில், “அவரு சோறு திங்கறாரு. வெளியிலதான் போறதில்ல” என்றார்.

அட்டவணையில் எங்கள் ஊரை எழுதினேன். முன்: 3.7. பின்: 3.6. சார் கையெழுத்திட்டார். மீட்டர் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் வேண்டும் என்றேன்.

ரெஹானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்குடீ?” என்றாள். ஞாபகம் இருந்தும் கேட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

லாரியை நம்ப முடியாது என்பதால், ஊரைச் சுற்றி எங்கே நல்ல தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். யார் வருவார்கள் என்று நினைத்தேன். காலையிலேயே எங்கள் வீட்டுத் திண்ணையில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. கலர் பாட்டில், எண்ணெய் பாட்டில், ஒரு பால் புட்டி. வயல் கிணறு, மலையடிப் போர், கோயில் கிணறு என்று பேப்பரில் எழுதி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். கோகிலாக்கா அனுப்பிய பாட்டிலைப் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்தாள்.

டப்பா சுற்றியது. 2.9. 3.3. 4.1. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல முகங்கள் மாறின. யாரும் டப்பாவை நம்பாமல் இல்லை. ஒரு முறை வைத்தேன், எழுதினேன், அடுத்தது.

எல்லோரும் போன பிறகு அப்பா பின்கட்டு வழியாக வந்தார். வேட்டி முட்டிவரை நனைந்து, காலில் முள் கீறல். ஏரிக்கு அந்தப் பக்கம், முன்பு மாடு கட்டி இறைத்த, இடிந்துபோன பழைய கவலைக் கிணற்றில் இறங்கி எடுத்தாராம். போர்வெல் வருவதற்கு முன் எல்லோரும் குடித்த கிணறு. “ஆழம் கம்மி. ஊறுற தண்ணி” என்று மட்டும் சொன்னார். பாட்டிலை என் கையில் தரவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

அளந்து ஊற்றினேன். குச்சி பிடித்துக்கொண்டது. குழி விழுந்தது. எலெக்ட்ரோடில் குமிழ் இருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்தேன்.

0.8.

வாசலில் அக்கா, இடுப்பில் தன்ஷிகாவுடன், எண்ணைக் கேட்க நின்றிருந்தாள்.  பாட்டிலின் கழுத்தைப் பார்த்தேன். மூடியைப் பார்த்தேன். கடைக் காகிதத்தின் பசை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவினேன். என்னை அறியாமல்தான் தடவினேன். நிமிர்ந்தபோது அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார்.

“இன்னொரு தடவ வச்சுப் பாரும்மா. சாயங்காலம் நீயே என்கூட வந்து கெணத்துல எறங்கி எடு. அதையும் வையி. அப்பறம் சொல்லு” என்றார்.

பீக்கரைக் கழுவத் தொடங்கினேன்.